வியன்னாவிலிருந்து புறப்பட்ட குடும்பம்

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் யார் வீட்டுப் பையன் பரீட்சையில் தோற்றாலும் முதலில் பதறுகிறவர் அவர்தான். பெற்றவர்கள் தலையில் கைவைத்து உட்காருவதற்குள், தெருவுக்குச் சொல்ல வேண்டிய காரணத்தை அவர் தயார் செய்துவிடுவார். "ரிசல்ட்ட நிறுத்தி வெச்சிருக்கா. யுனிவர்சிடியில ஏதோ குளறுபடி." யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். சம்பந்தப்பட்ட பையனே வந்து "ஃபெயிலாயிட்டேன் மாமா" என்று சொன்னாலும் விட மாட்டார். "நீ சும்மா இருடா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவனை அடக்கிவிட்டு மறுபடியும் யுனிவர்சிடிக்கே போவார்.

கல்யாணம் நின்றுபோனால் ஜாதகத்தில் கோளாறு. வேலை போனால் கம்பெனியே வேறு ஊருக்கு மாறுகிறது. அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனால் பத்திரத்தில் ஏதோ பெயர்த் திருத்தம். இத்தனைக்கும் அவருக்கு இதில் காலணா லாபம் கிடையாது. அடுத்தவர் மானம் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான். மானம் போவது என்றால் அவர் அகராதியில் ஒரு காரியம் நடப்பது அல்ல, அது நாலு பேருக்குத் தெரிவது. நடந்ததைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். உறையூரில் என் அப்பா வைத்திருந்த அச்சகத்துக்குச் சாயங்காலங்களில் வந்து மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பார். ஆங்கிலத்திலிருந்து நல்ல தமிழில் மொழிபெயர்ப்பார். அப்பா குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தார். உறையூருக்கே தெரியும். ஆனாலும் இவர் எங்கள் வாசலில் நின்றுகொண்டு, துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும், "மஞ்சக்காமாலை முத்திப்போச்சு. உழைப்பு உழைப்புன்னு ஒடம்பைப் பாத்துக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களும் தெரியாதது போல் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அன்றைக்கு அம்மா தலை குனியாமல் உட்கார்ந்திருந்தாள் என்றால் அது அவரால்தான். அந்த நன்றி எனக்கு இன்னமும் இருக்கிறது. அது இருந்ததால்தான் பின்னால் அவரோடு அத்தனை மல்லுக்கட்டினேன். இல்லாவிட்டால் எப்போதோ பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

அச்சகத்தை நான் சின்னப் பதிப்பகமாக மாற்றினேன். அவரும் ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்து, ஒரே மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். அவருக்கும் ஒரு பிடிப்பு வேண்டும், எனக்கும் ஒரு நல்ல புத்தகம் வேண்டும் என்று, வியன்னாவில் பெரிய வங்கி நடத்திய ஒரு யூதக் குடும்பத்தின் வரலாற்றை அவர் கையில் கொடுத்தேன். தலையணை கனம். ஏழ்மையிலிருந்து எழுந்து, மன்னருக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்து, கடைசியில் குடியிருந்த வீடுகூட மிஞ்சாமல் போன ஒரு வம்சத்தின் கதை. பக்கத்துக்குப் பக்கம் மானம் போகிற கதை. அதைப் போய் இந்த மனிதரிடம் கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

முதல் பக்கத்திலேயே ஆரம்பித்தார். யூதர்கள் நிலம் வாங்கக்கூடாது, இன்ன தொழில்தான் செய்யலாம், இன்ன சந்தில்தான் குடியிருக்கலாம் என்று கட்டுப்பாடு இருந்த காலத்தில், அந்த வம்சத்தின் முதல் ஆள் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் வாங்கி விற்றுத்தான் பிழைத்தார். இவர் எழுதிக் கொண்டுவந்ததில் "பலவகைச் சரக்குகளை வாணிபம் செய்தார்" என்று இருந்தது.

"தோல்தானே சார் வித்தாரு? செம்பட்டுல தோல் பதனிடற பக்கம் போனா நம்ம ஊர்லயே மூக்கைப் பிடிக்க வைக்குமே, அந்தத் தோல். அதுல என்ன?"

"மொதப் பக்கத்துலயே நாத்தத்த எதுக்கும்மா கொண்டுவரணும்? பின்னால எவ்ளோ பெரிய மனுஷா ஆகப்போறா!"

தோலை நான் திரும்ப எழுதவைத்தேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் நடுப்பகுதி வந்ததும் ஆளே மாறிப்போனார். அந்த வம்சத்தில் வந்த மூன்று சகோதரர்கள் நாணயம் மாற்றித் தொடங்கி, ரயில் பாதை போட முதல் கொடுத்து, வியன்னாவின் பெரிய சாலையில் கல் மாளிகை கட்டிய அத்தியாயங்களை அவர் எழுதிய அழகைச் சொல்லி மாளாது. ரயில்வேயில் இருந்தவர் அல்லவா, ஒவ்வொரு தண்டவாளத்தையும் தானே நின்று போட்டது போல எழுதினார். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் நிலையம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, எழுதிய பக்கங்களை மஞ்சள் பையில் போட்டு எடுத்துவருவார். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசித்துக் காட்டுவார். அந்தக் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் இவருக்கு வாயெல்லாம் பல்.

பிறகு ஒரு நாள் அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அதில் மாட்டிக்கொண்டோம்.

மூத்த சகோதரரின் மகன் இளைய சகோதரரின் மகளை மணந்தான். பங்கு வெளியே போகக்கூடாது என்று அந்தக் குடும்பமே வேண்டுமென்று செய்துகொண்ட ஏற்பாடு. வங்கி மூன்று தலைமுறை உடையாமல் நின்றதற்கே அதுதான் காரணம் என்று மூல நூல் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. இவர் கொண்டுவந்த தமிழில் மணப்பெண் "தாய்மாமன் மகள்" ஆகியிருந்தாள்.

"யாரு சார் இந்தத் தாய்மாமன்?"

அவர் வேஷ்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். "அண்ணா புள்ளையும் தம்பி பொண்ணும்னா அண்ணா தங்கையாச்சேம்மா. நீயே சொல்லு. இதைப் படிச்சா நம்மூர்ல அந்தக் குடும்பத்த என்ன நெனைப்பா?"

"அவங்க வழக்கம் அது."

"வழக்கம்தான். அவாளுக்குத் தெரிஞ்சா போறாதா? நம்மவாளுக்கு எதுக்கு?"

எங்களிடம் டைப் அடித்துக்கொண்டிருந்த மும்தாஜுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி, "சார், எங்க வூட்டுக்காரரு எங்க பெரியத்தா மகன்தான். எங்க அத்தாவோட கூடப்பொறந்த அண்ணன் மகன். என்னையும் மாமன் மகளா ஆக்கிடுவீங்க போலருக்கே" என்றாள். அவர் திடுக்கிட்டு எழுந்தேவிட்டார். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மும்தாஜிடம் மிகவும் கனிவாக, "பரவால்லம்மா, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

இதற்கு என்ன செய்வது? சிரித்துத் தொலைத்தோம். ஆனால் அந்த இல்லாத தாய்மாமன் லேசில் போகவில்லை. அதற்குள் நூறு பக்கம் தாண்டி எழுதியிருந்தார். மாமன் என்று ஒருவர் வந்துவிட்டால் அவருக்கு ஒரு தொழில் வேண்டும், சீர் செய்ய வேண்டும், பங்கு பிரிக்கும்போது அவர் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். அத்தனையும் இவர் சொந்தமாகச் செய்திருந்தார். ஒரு இடத்தில் மாமனுக்கு உடம்பு சரியில்லாமல்கூடப் போயிற்று. வரிக்கு வரி உட்கார்ந்து அந்த ஆளை வெளியே எடுக்க எனக்கும் மும்தாஜுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. உரிமை கொடுத்த வெளிநாட்டுப் பதிப்பாளர்களோ, சொன்ன தேதிக்குள் புத்தகம் வராவிட்டால் உரிமை ரத்து என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மஞ்சள் பையைப் பிடுங்கிக் காவிரியில் வீசலாமா என்றிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் சென்னையிலிருந்து வந்துவிட்டாள்.

முதலில் எனக்கு அவர் சொன்னது, "ஆத்துலேருந்தே வேலை பாக்கலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டா. அதான் அப்பாவோட இருக்கலாம்னு வந்திருக்கா." நான் ஒரு நாள் பக்கங்களை வாங்க வீட்டுக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. தாடைக்குக் கீழே பழுத்த நாவல் நிறத்தில் ஒரு தடம். அவர் சட்டென்று முந்திக்கொண்டார். "பாத்ரூம்ல வழுக்கிடுத்து. இந்தக் காலத்து டைல்ஸ் இருக்கே, அதைச் சொல்லணும்." அவள் என்னையே பார்த்தாள்.

கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். "அக்கா, டைல்ஸ் இல்லை" என்றாள். அவள் புருஷன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்பவன். கை நீட்டுகிறவன். ஏற்கெனவே இரண்டு முறை இப்படி வந்திருக்கிறாள். இரண்டு முறையும் அவள் அப்பாதான், பட்சணம் கட்டி எடுத்துக்கொண்டு, ரயிலேற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவனுக்கு அவமானமாகப் போய்விடுமாம். "இந்தத் தடவை அனுப்பினா நான் திரும்பி வர மாட்டேன், அக்கா. எப்படின்னு கேக்காதீங்கோ" என்றாள்.

மறுநாளே அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். "போலீஸுக்குப் போக வேணாம் சார். குறைஞ்சபட்சம் அவளை அனுப்ப மாட்டேன்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

"அனுப்பறேன்னு யார் சொன்னா?"

"அனுப்பலைன்னு சொல்லுங்க."

அவர் காலண்டரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். "சண்டை இல்லாத ஆம் உண்டாம்மா? நாளாக நாளாகச் சரியாயிடும்" என்றார். அந்த மனிதர் அன்று காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டிருந்தார். கை கட்டுப்போட்டிருக்கிறதே, அவளால் முடியாது. பின்னல் கோணல்மாணலாக ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அவர்தான் பின்னுகிறாராம். அந்தப் பின்னலைப் பார்த்துவிட்டு அவரை எப்படித் திட்டுவது? கல்நெஞ்சுக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம்தான் மூல நூலின் கடைசிப் பகுதியைத் தமிழோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் உலகப் போரில் பேரரசே காணாமல் போகிறது, அதற்குக் கொடுத்த கடனும் போகிறது. பிறகு ஒரு காலையில் வங்கி திறக்கவில்லை. வெளியே கூட்டம், கதவில் கல். இவர் எழுதியிருந்தது: "அன்று வங்கிக்கு விடுமுறை."

விடுமுறை! நான் தனியாக உட்கார்ந்து கத்தினேன்.

அதற்கடுத்தது இன்னும் மோசம். நாஜிகள் வியன்னாவுக்குள் நுழைந்த வாரம். வங்கியில் மிஞ்சியிருந்ததையும் மாளிகையையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். மகன்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் குடும்பத்தின் பெரியவரை, வயதானவரை, அவர் மாளிகை வாசலிலேயே மண்டிபோட வைத்து, தெருவைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். மூல நூலில் அது நான்கு பக்கம். தமிழில் அந்த நான்கு பக்கமும் இல்லை. ஒரே ஒரு வரி இருந்தது. "பின்னர் அக்குடும்பம் வியன்னாவிலிருந்து புறப்பட்டது." பஸ் டிக்கெட் வாங்கிக்கொண்டு குணசீலம் கோயிலுக்குப் புறப்பட்ட மாதிரி.

அவர் வீட்டுக்கே போனேன். முதல்முறையாக அவரும் குரலை உயர்த்தினார்.

"ஏம்மா, அந்த வயசுல அந்த மனுஷர் தெருவுல மண்டிபோட்டார். பாத்தவா சிரிச்சா. ஒரு தடவை பட்டது போறாதா? இங்க ஸ்ரீரங்கத்துல, திருச்சியில, யார் யாரோ படிச்சு இன்னொரு தடவை அவர் மண்டிபோடணுமா? என் கையால அதை நான் எழுத மாட்டேன்."

அதில் ஒரு நியாயம் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. வியன்னாவில் செத்துப்போன ஒரு கிழவருக்காக அவர் நிஜமாகவே அழுதார்.

"அவமானம் அவருக்கா சார்? தேய்க்கச் சொன்னவனுக்கா? நீங்க இதை விட்டுட்டீங்கன்னா காப்பாத்தறது அந்தப் பெரியவரை இல்ல. சுத்தி நின்னு சிரிச்சாங்களே, அவங்களைக் காப்பாத்தறீங்க."

"அவா யாருன்னே இங்க யாருக்கும் தெரியாதேம்மா."

"தெரியாமப் பண்றதே நீங்கதான்!"

உள்ளறையில் மகள் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி மெய்ப்புகளோடு போயிருந்தேன். நான் உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளை. கையில் பழம், பூ. பார்த்தால் சாதுவாக இருந்தான். என்னைக்கூடக் கும்பிட்டான். இவர் விழுந்தடித்துக்கொண்டு, "வாங்கோ மாப்ளே, வாங்கோ" என்று வாசலுக்கு ஓடினார். எதிர்வீட்டு மாமி கோலத்துக்குச் செம்மண் தீட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவ்வளவுதான், இவருக்குக் காரணம் ஊறிவிட்டது. "மாப்ள அழைச்சிண்டு போக வந்திருக்கார், மாமி. இவளுக்கும் கை சரியாயிடுத்து."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் என்னைத் தாண்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"மாமி, நான் பாத்ரூம்ல விழலை. இவர்தான் முறுக்கி ஒடைச்சார். மொதல் தடவை இல்ல. நான் போகப் போறதில்ல."

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்த நேரம். கோபுரத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. மாமியைத்தான் பார்த்தார். பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"மாத்திரை சாப்படறா, மாமி. தூக்கம் இல்ல. அதான் என்னமோ பேசறா."

அதற்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. மாப்பிள்ளை முகம் கறுத்து, பழத்தையும் பூவையும் அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினான். அப்போதும் இந்த மனிதர் சும்மா இருந்தாரா? அவனுடைய பையை வாங்கித் தான் தூக்கிக்கொண்டு, தெருமுனை வரை கூடவே நடந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "ஆபீஸ்ல அவசரமாக் கூப்ட்டுட்டா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா" என்று சொல்லிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. மகள் கையை உடைத்தவனுக்கு மானம் காத்துக் கொடுத்துக்கொண்டு போகிறார்! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மகள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அந்த நாலு பக்கத்த எடுங்கோ அக்கா" என்றாள். கையால் எழுத முடியாது, ஆகவே அவள் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெரியவர் மண்டியிட்டதைச் சொன்னாள். வாளித் தண்ணீர் அவர் கோட்டு நுனியை நனைத்ததைச் சொன்னாள். சுற்றி நின்றவர்களில் அவருடைய வங்கியில் பல வருஷம் கணக்கு வைத்திருந்தவர்களும் இருந்தார்கள் என்ற வரியில் கொஞ்சம் நிறுத்தினாள்.

"சிரித்தார்கள்னு போடுங்கோ. நகைத்தார்கள்னு போட்டு அழகு பண்ண வேண்டாம்."

இதற்குள் அவர் திரும்பி வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தூணோரம் நின்றார். தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்கள் இருவருக்கும் காபி கலந்து கொண்டுவந்து வைத்தார்.

மகளை அவர் திரும்ப அனுப்பவில்லை. அதுவரைக்கும் சரி. புத்தகம் தோலோடும், சித்தப்பா மகள் கல்யாணத்தோடும், கல்லெறியோடும், அந்த நான்கு பக்கத்தோடும் கெடுவுக்குள் வெளிவந்தது. அவர் தன் சொந்தச் செலவில் பிரதிகள் வாங்கித் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான், கொடுக்கும்போது அவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று தெரியவந்தது. "கடைசியில ஒரு நாலு பக்கம் அச்சுப் பிழை ஜாஸ்தி. அதைத் தள்ளிட்டுப் படிங்கோ." என் பதிப்பகத்தில் அச்சுப் பிழை! போன் போட்டுக் கேட்டேன். "உன்னை யாரும் தப்பா நெனைக்க மாட்டாம்மா, கம்ப்யூட்டர் கோளாறுன்னுதான் சொல்லியிருக்கேன்" என்றார். போனை வைத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

மகளுக்கு விவாகரத்து ஆயிற்று. திருச்சியிலேயே வேலை தேடிக்கொண்டாள். தெருவுக்கு அவர் கடைசி வரை சொன்னது, மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார் என்பதுதான். அப்படியே சொல்லிச் சொல்லி, போன வருஷம் ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்விட்டார். எவ்வளவு எரிச்சல்பட்டேனோ அவ்வளவு அழுதேன். என் அப்பா செத்த அன்று வாசலில் நின்ற மாதிரி நின்று, இவருக்காக நாலு வார்த்தை சொல்ல இவரைப்போல ஒருவர் இல்லையே என்றுகூட நினைத்தேன்.

காரியம் முடிந்த அன்று கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"புண்ணியாத்மா. மாப்ள வெளிநாட்டுல இருக்கப்போய், பொண்ணு கடைசி வரைக்கும் கூடவே இருந்து பாத்துக்க முடிஞ்சுது."

நான் அவளையே பார்த்தேன். கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், நேருக்கு நேர் கேட்டவள், இவள்தான்.

"மாமி, உங்ககிட்டதான அவ சொன்னா? புருஷன் கையை ஒடைச்சான்னு?"

மாமி பதறிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்கோம்மா. வந்தவா காதுல விழப்போறது."

பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த மகள் குனிந்தபடியே, "நன்னா விழட்டும். சத்தமாவே சொல்லுங்கோ, அக்கா" என்றாள்.

சொன்னேன்.